இரவு இரண்டு மணிச் சூடு

(மெனோபாஸ் குறித்த பொதுச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



இரவு இரண்டு மணி. வீடு முழுக்கத் தூங்குகிறது. ஐம்பதைத் தொடப்போகும் ஒரு பெண் மட்டும் திடுக்கென்று எழுந்து உட்காருகிறாள். மார்பில் கிளம்பிய சூடு கழுத்தில் ஏறி, முகத்தில் பரவி, காது மடல்வரை கொதிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. நைட்டி முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. மின்விசிறியை ஐந்தில் வைத்து அதன் கீழே நிற்கிறாள். சில நிமிடங்களில் சூடு வடிந்துவிடும். வடிந்த கையோடு குளிர் எடுக்கும். உதறிப்போட்ட போர்வையைத் தேடுவாள். மறுபடி கண் அசரும்போது மணி மூன்றைத் தாண்டியிருக்கும். ஐந்தரைக்குப் பால் பாக்கெட் வந்துவிடும்.

காலையில் இதை யாரிடமும் அவள் சொல்வதில்லை. சொன்னாலும், "வயசானா அப்படித்தான் இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துபோகும். மூத்த பெண்கள் மோர் குடிக்கச் சொல்வார்கள், வெந்தயம் ஊறவைக்கச் சொல்வார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அக்கறையில்தான். ஆனால் இது வயிற்றுச் சூடும் அல்ல, வெயில் சூடும் அல்ல. இந்தச் சூடு மூளையில் பிறக்கிறது. இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு செய்தியின் மேல்தான் நிற்கிறது.

மருத்துவர்கள் இதை ஹாட் ஃப்ளஷ் என்பார்கள். "குப்புனு ஏறுது", "திகுதிகுன்னு எரியுது" என்று நம் பெண்கள் சொல்வது அதைவிடத் துல்லியம். மாதவிடாய் நிற்கும் பருவத்தைக் கடக்கும் பெண்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு அளவில் இதை அனுபவிக்கிறார்கள். அமெரிக்காவில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51. இந்தியாவில் அது சுமார் 46. கருப்பை நீக்க அறுவைச் சிகிச்சையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்ட பெண்களுக்கு இது வயது பார்த்து வருவதில்லை. முப்பத்தெட்டிலும் வரும், ஒரே வாரத்தில் முழு வேகத்தோடு வரும்.

ஓரிரு மாதத்தில் சரியாகிவிடும் என்ற ஆறுதலும் பொய். அமெரிக்காவில் பல நகரங்களில் ஆயிரக்கணக்கான பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற ஆய்வு, 2015இல் தன் கணக்கை வெளியிட்டது. அடிக்கடி ஹாட் ஃப்ளஷ் வரும் பெண்களுக்கு அது நீடித்த இடைநிலைக் காலம் 7.4 ஆண்டுகள். கறுப்பினப் பெண்களுக்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல். ஒரு குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்புக்குப் போகும் காலம் அது. அத்தனை ஆண்டு தூக்கம் கெட்ட ஒருவரிடம், "பொறுத்துக்கொள்" என்பது அறிவுரை ஆகாது.

மூளையில் என்ன நடக்கிறது?

நம் உடலின் உள் வெப்பத்தைக் காவல் காப்பது ஹைப்போதலாமஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி. வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டி ஏறினால் அது வியர்க்க வைக்கும். இன்னொரு வரம்புக்குக் கீழே இறங்கினால் நடுங்க வைக்கும். இரண்டு வரம்புகளுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்குள் வெப்பம் சிறிது ஏறி இறங்கினாலும் உடல் கண்டுகொள்ளாது. டெட்ராய்ட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃப்ரீட்மன் அந்த இடைவெளியை அளந்து பார்த்தார். ஹாட் ஃப்ளஷ் இல்லாத பெண்களுக்கு அது சுமார் 0.4 டிகிரி செல்சியஸ். ஹாட் ஃப்ளஷ் உள்ளவர்களுக்கு ஏறத்தாழப் பூஜ்ஜியம். ஒரு மிடறு காபியோ, ஒரு பதற்றமோ, போர்வையின் கதகதப்போ போதும்: உடல் தீப்பிடித்துவிட்டதாக மூளை முடிவு கட்டி, இரத்த நாளங்களை விரித்து, வியர்வையைத் திறந்துவிடும். அதனால்தான் அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு குளிர்கிறது. உடல் உண்மையிலேயே தேவைக்கு மேல் குளிர்ந்துவிட்டது.

அந்த இடைவெளி ஏன் சுருங்குகிறது? அரிசோனா பல்கலைக்கழகத்தின் நவோமி ரான்ஸ், மாதவிடாய் நின்ற பெண்களின் ஹைப்போதலாமஸில் ஒரு வகை நரம்பணுக்கள் பெரிதாகியிருப்பதை 1990 வாக்கில் கண்டார். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அவை கட்டுக்குள் இருக்கும். அது குறைந்ததும் நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளை அவை மிகையாகச் சுரந்து, பக்கத்திலிருக்கும் வெப்பக் காவல் மையத்தை உசுப்பிவிடுகின்றன. இந்த அறிவிலிருந்து பிறந்ததுதான் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரை. 2023 மே மாதம் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. நியூரோகைனின் போய் உட்காரும் இடத்தை அது அடைத்துவிடுகிறது. அதில் ஹார்மோன் கிடையாது.

ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஹாட் ஃப்ளஷைக் குறைப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்கு ஈடான மருந்து இன்றுவரை இல்லை. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று, 16,608 பெண்கள் பங்கேற்ற ஆய்வு, பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்தவர்களிடம், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு எட்டுப் பேர் என்ற கணக்கில், மார்பகப் புற்றுநோய் கூடுதலாகத் தெரிந்தது. உலகமே பயந்து மாத்திரையைத் தூக்கி எறிந்தது. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதை அப்போது பலர் கவனிக்கவில்லை. அறுபது வயதுக்கு உட்பட்ட, மாதவிடாய் நின்று பத்தாண்டு தாண்டாத, வேறு தடை இல்லாத பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்பது இன்றைய நிலை. நாற்பது வயதுக்குள் மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கு எலும்பையும் இதயத்தையும் காக்க அது தேவையும்கூட. அவர்களை மருந்திலிருந்து திருப்பிவிடுவது இந்தச் சொற்பொழிவின் நோக்கம் அல்ல.

நோக்கம் வேறு ஒரு கூட்டத்தைப் பற்றியது.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரை தரமாட்டார்கள். சுவீடனில் தொடங்கிய ஹாபிட்ஸ் என்ற ஆய்வில் அப்படித் தந்து பார்த்தார்கள். நோய் திரும்ப வருவது கூடியதால் 2003 டிசம்பரில் நிறுத்தினார்கள். போதாக்குறைக்கு, நோய் திரும்பாமலிருக்க அந்தப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் டாமோக்ஸிஃபென் மாத்திரையே ஹாட் ஃப்ளஷை மூட்டிவிடும். அதைத் தணிக்க மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளைக் குறைந்த அளவில் தருவதுண்டு. அவற்றில் பராக்ஸிடின் போன்ற ஒன்றைத் தந்துவிட்டாலோ, டாமோக்ஸிஃபெனை உடல் வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதை அது தடுத்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இரத்தக் கட்டி வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே ஒரு பிடி மாத்திரை விழுங்குவதால் இன்னொன்று வேண்டாம் என்பவர்கள் என்று இந்தக் கூட்டம் இன்னும் நீளும். அந்தப் பெண்களுக்காகத்தான் அறிதுயில், அதாவது ஹிப்னாடிசம், என்ற வழி தேடப்பட்டது.

ஹிப்னாடிசம் என்றதும் நம் மனத்தில் ஓடுவது பழைய படங்களில் ஆடும் கடிகாரமும், மேடையில் ஆளைக் கோழியாகக் கூவவைக்கும் வித்தைக்காரரும்தான். 'வசியம்' என்ற சொல்லே ஒரு பயத்தைக் கொண்டுவருகிறது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. வியன்னாவிலும் பாரிசிலும் பெயர் பெற்ற மெஸ்மர், உடலுக்குள் காந்தத் திரவம் ஒன்று ஓடுவதாகச் சொல்லி வைத்தியம் செய்தார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த விசாரணைக் குழுவில் பெஞ்சமின் ஃபிராங்ளின், லவாய்சியர் ஆகிய அறிவியலாளர்களும் இருந்தார்கள். நோயாளிக்குத் தெரிந்தும் தெரியாமலும் சோதனை வைத்துப் பார்த்து, காந்தத் திரவம் என்று எதுவும் இல்லை, வேலை செய்தது கற்பனையே என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று அது மெஸ்மரை ஒழித்த தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்புக்குள்ளேயே ஒரு கேள்வி உறங்கிக் கிடந்தது: வெறும் கற்பனைக்கு உடலை அசைக்கும் வலிமை இருக்கிறதென்றால், அதை ஏன் நேர்மையாகப் பயன்படுத்தக் கூடாது?

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர், 1845 ஏப்ரலில் ஒரு சிறைக்கைதிக்கு மெஸ்மர் முறையில் மயக்கம் உண்டாக்கி விரைவீக்கத்துக்கு அறுவை செய்தார். மயக்க மருந்து இன்னும் வராத காலம். யானைக்கால் நோயால் வந்த பெருங்கட்டிகளைப் பலருக்கு இப்படியே அறுத்து எடுத்தார். 1846இல் கல்கத்தாவில் அவருக்கென்று ஒரு மெஸ்மர் மருத்துவமனையே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே குளோரோஃபார்ம் வந்துவிட்டது. இருட்டறையில் மணிக்கணக்காக உடலைத் தடவிக்கொண்டிருக்கும் முறைக்குத் தேவை குறைந்தது. அந்தச் சாதனையை மெச்சும்போதே இன்னொன்றையும் நினைக்க வேண்டியிருக்கிறது. முதல் நோயாளி கைதி. அவனால் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க முடியுமா? இன்றைய அறிதுயில் மருத்துவம் அந்த இடத்தில்தான் முழுக்க வேறுபடுகிறது. நோயாளி விரும்பாமல் இது ஒரு அடி நகராது.

ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரப்பியவர் மான்செஸ்டரில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பிரெய்ட். 1841 நவம்பரில் ஒரு மேடைக் காட்சியை ஏமாற்று என்று நிரூபிக்கப் போனவர், அதில் உண்மையாகவே ஏதோ இருப்பதைக் கண்டு ஆராயத் தொடங்கினார். தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார். சில ஆண்டுகளிலேயே, இது தூக்கம் அல்லவே, ஒரே எண்ணத்தில் மனம் குவிவதல்லவா என்று தோன்றிப் பெயரை மாற்றப் பார்த்தார். பழைய பெயரே நிலைத்துவிட்டது. தமிழுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அரங்கன் பாம்பணையில் கொண்டிருக்கும் துயிலுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் அறிதுயில்: துயிலும் உண்டு, அறிவும் விழித்திருக்கிறது. கிரேக்கச் சொல்லை விட இந்த நிலைக்கு இது பொருத்தமான பெயர்.

இனி டெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகருக்கு வரலாம். அங்கே பெய்லர் பல்கலைக்கழகத்தில் மனமும் உடலும் சார்ந்த மருத்துவ ஆய்வகம் ஒன்றை நடத்துகிறவர் கேரி எல்கின்ஸ் என்ற உளவியலாளர். அவரும் அவர் குழுவும் முதலில் அழைத்தது மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 60 பெண்களை. பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக ஐந்து அறிதுயில் அமர்வுகள்; மீதிப் பேருக்குச் சிகிச்சை இல்லை. 2008இல் வெளியான முடிவு: அறிதுயில் பெற்றவர்களுக்கு ஹாட் ஃப்ளஷின் எண்ணிக்கையும் கடுமையும் சேர்த்துக் கணக்கிட்ட மதிப்பெண் 68 சதவீதம் குறைந்தது. தூக்கமும் தேறியது, பதற்றமும் தணிந்தது.

ஒரு அமர்வில் என்ன நடக்கிறது? கடிகாரம் ஆடுவதில்லை. பெண் சாய்வான நாற்காலியில் உட்காருகிறார். ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தச் சொல்கிறார்கள். உடலின் ஒவ்வொரு பகுதியாகத் தளர்வு பரவுவதை உணரச் சொல்கிறார்கள். கவனம் நன்றாகக் குவிந்த பிறகு, குளிர்ச்சியான ஓர் இடத்தில் தாம் இருப்பதாகக் காணச் சொல்கிறார்கள். காண்பது என்றால் கண்ணால் மட்டும் அல்ல. காற்று கன்னத்தில் படுவது, நீரின் ஓசை, ஈர மண்ணின் மணம் எல்லாமே வரவேண்டும். பிறகு ஒலிப்பதிவு ஒன்றைக் கையில் தந்து, வீட்டில் தினமும் கேட்டுப் பழகச் சொல்கிறார்கள். ஐந்து வாரத்தின் குறிக்கோள், மருத்துவர் இல்லாமலே அந்தக் குளிர்ந்த இடத்துக்குப் பெண் தாமாகப் போய்வரப் பழகிவிடுவது. ஆரம்பம் முதல் முடிவுவரை அவருக்கு நினைவு இருக்கும். கதவு தட்டினால் எழுந்து திறக்கலாம்.

இதில் மிகவும் சுவையான பகுதி அந்த 'இடம்'. எந்தக் காட்சி வேண்டும் என்பதை எல்கின்ஸ் குழு பெண்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னது. அந்தத் தேர்வுகளைத் தொகுத்து 2010இல் தனியே ஒரு கட்டுரையும் எழுதியது. குளிர்ந்த மலைகள், நீர், காற்று, பனி, மரங்களும் காடும் என்று ஐந்து வகைக்குள் பெரும்பாலும் அடங்கின. அறிதுயிலை வேறு நோய்களுக்குப் பயன்படுத்தும்போது கதகதப்பான கடற்கரை மணலைக் காட்டுவது வழக்கம். உடல் தளர அது நன்றாக உதவும். இங்கே அது ஆகாது. தளர்வு மட்டும் போதாது, குளிர்ச்சியும் வேண்டும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்.

தளர்வு மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. மெதுவாக, ஆழமாக மூச்சுவிடும் பயிற்சி ஹாட் ஃப்ளஷைப் பாதியாகக் குறைக்கிறது என்று தொடக்கத்தில் சில சிறிய ஆய்வுகள் சொல்லின. பல ஆண்டுகள் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள். பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் கரைந்துபோனது. சிறிய ஆய்வின் பளபளப்பை நம்பிவிடக் கூடாது என்ற பாடம் அறிதுயிலுக்கும் பொருந்தும். ஆகவே அடுத்த ஆய்வு எப்படி நடந்தது என்று பார்ப்பது முக்கியம்.

2013இல் வெளியானது அந்த ஆய்வு. பங்கேற்றவர்கள் 187 பேர், மாதவிடாய் நின்ற பெண்கள். நாளுக்குக் குறைந்தது ஏழு, அல்லது வாரத்துக்கு ஐம்பது ஹாட் ஃப்ளஷ் வருபவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். இந்த முறை மறுபாதிப் பேரைச் சும்மா விடவில்லை. அவர்களுக்கும் ஐந்து சந்திப்புகள், அதே அளவு கனிவான பேச்சு, கேட்க ஒலிப்பதிவு. அறிதுயிலும் குளிர்ச்சிக் காட்சியும் மட்டும் இல்லை. பன்னிரண்டாவது வாரத்தில் எண்ணியபோது அறிதுயில் பெற்றவர்களுக்கு ஹாட் ஃப்ளஷ் 74 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு 17 சதவீதம்.

பெண்கள் நோட்டில் எழுதிக் கொடுத்த கணக்கை மட்டும் நம்பலாமா என்று கேட்பவர்களுக்காகவே இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். மார்பெலும்பின் மேல் ஒட்டிய சிறு கருவி வியர்வையால் தோலின் மின்கடத்தல் மாறுவதைப் பதிவு செய்தது. அந்தக் கருவிக்கு ஆறுதலும் தெரியாது, நம்பிக்கையும் தெரியாது. அதன் கணக்கிலும் அறிதுயில் குழுவுக்கு 57 சதவீதம் குறைவு, மற்றக் குழுவுக்குப் பத்து சதவீதம். 74க்கும் 57க்கும் இடைப்பட்ட தூரம், சூடு வந்தும் அது பெரிதாக உறைக்காமல் போன தருணங்களாக இருக்கலாம். உடலில் பாதிக்கு மேல் உண்மையாகவே குறைந்தது. அனுபவத்தில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்தது. தூங்க முடியாத ஒரு பெண்ணுக்கு இரண்டும் இலாபம்தான்.

இவ்வளவு நல்ல எண்களைக் கண்டதும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஹாட் ஃப்ளஷ் ஆய்வுகளில் போலி மாத்திரைக்கே பெரும் பலன் தெரிவது வழக்கம். ஹார்மோன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரன் மதிப்பாய்வில், வெறும் மாவு மாத்திரை விழுங்கிய பெண்களுக்கும் ஹாட் ஃப்ளஷ் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அப்படியிருக்க, வேக்கோவின் ஒப்பீட்டுக் குழுவில் 17 சதவீதம் மட்டும் குறைந்தது ஏன்? அவர்களுக்குக் கிடைத்தது கனிவான பேச்சு. ஆனால் 'இது உன்னைக் குணப்படுத்தும்' என்ற எதிர்பார்ப்பை மாத்திரை அளவுக்கு அந்தப் பேச்சு எழுப்பியிருக்காது. அறிதுயிலின் பலனில் ஒரு பங்கு அந்த எதிர்பார்ப்பின் பலன் என்று கொள்வதே நேர்மை. 2017இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. அதில் 71 பெண்கள். வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மாத்திரையையும் அறிதுயிலையும், அந்த இரண்டின் போலிகளையும் மாற்றி மாற்றிச் சேர்த்துச் சோதித்தார்கள். உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏறக்குறைய 50 சதவீதம் குறைந்தது. இரண்டு போலிகளையும் பெற்றவர்களுக்கு 25 சதவீதம். 74 ஐம்பதாக இறங்குகிறது. ஆனால் அந்த ஐம்பதை, பக்க விளைவுள்ள ஒரு மாத்திரையோடு தோளோடு தோள் நின்று எட்டியது அறிதுயில்.

2025இல் எல்கின்ஸ் குழு இன்னும் கடினமான சோதனைக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டது. மருத்துவரே கிடையாது, 250 பெண்கள் வீட்டிலிருந்தபடி ஆறு வாரம் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். பாதிப் பேருக்கு உண்மையான அறிதுயில் பதிவு. மறுபாதிப் பேருக்கு, அறிதுயில் என்ற பெயரிலேயே வெறும் இரைச்சல் ஓசை. பன்னிரண்டாம் வாரத்தில் உண்மைப் பதிவு கேட்டவர்களுக்குச் சுமார் 61 சதவீதம் குறைந்தது, இரைச்சல் கேட்டவர்களுக்குச் சுமார் 44 சதவீதம். இடைவெளி சுருங்கிவிட்டது, ஆனால் மறையவில்லை. முந்தைய ஆய்வுகளின் பெரிய எண்களை விட இந்தச் சிறிய இடைவெளியே அதிக நம்பிக்கை தருகிறது. எதிர்பார்ப்பு இரு பக்கமும் சமமாக இருந்தபோதும் குளிர்ச்சிக் காட்சி தன் பங்கைச் செய்திருக்கிறது.

மெனோபாஸ் சொசைட்டி என்று இப்போது பெயர் மாற்றிக்கொண்டுள்ள வட அமெரிக்க மருத்துவ அமைப்பு, ஹார்மோன் அல்லாத வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டு 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மன வழிச் சிகிச்சைகளில் அது உயர்ந்த தரச் சான்றோடு பரிந்துரைத்தவை இரண்டே: அறிதுயிலும், சிந்தனைப் போக்கை மாற்றும் சிபிடி என்ற உளவியல் சிகிச்சையும். சோயா, பிளாக் கோஹோஷ் போன்ற மூலிகைகள், அக்குபங்சர், யோகா, உடற்பயிற்சி, விசிறி வைத்துக்கொள்வது, காரம் காபியைத் தவிர்ப்பது எல்லாம் ஹாட் ஃப்ளஷுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம் பெறவில்லை. யோகாவையும் நடைப்பயிற்சியையும் கைவிடச் சொல்வதாக யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எலும்புக்கும் இதயத்துக்கும் மனத்துக்கும் அவை வேண்டும். இந்தச் சூட்டை மட்டும் அவை தணிப்பதாகச் சான்று இல்லை. நம் ஊரில் 'மெனோபாஸ் மூலிகை' என்று டப்பாவில் அடைத்து விற்பதற்குக் காசு கொடுக்கும் பெண்கள் இந்தச் செய்தியைக் கேட்டிருக்க வேண்டும்.

எல்லோரும் அறிதுயிலுக்கு வசப்படுவார்களா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959இல் வகுத்த அளவுகோல் ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நூற்றில் பத்துப் பதினைந்து பேர் மிக எளிதில் ஆழ்ந்துவிடுவார்கள். ஏறத்தாழ அதே அளவினருக்கு ஒன்றுமே நடக்காது. நடுவில் இருப்பவர்களே பெரும்பான்மை. இது புத்திக் குறைவும் அல்ல, மன பலவீனமும் அல்ல. நாவலில் மூழ்கினால் பக்கத்தில் கூப்பிடுவது காதில் விழாதவர்கள் பெரும்பாலும் முதல் வகை. அதே ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஸ்பீகல் குழு 545 பேரைச் சோதித்து, எளிதில் ஆழ்பவர்கள் 36 பேரையும் ஆழவே முடியாத 21 பேரையும் பிரித்தெடுத்து மூளையைப் படம் பிடித்தது. 2016இல் வெளியான முடிவில், எளிதில் ஆழ்பவர்களுக்கு அறிதுயிலின்போது, சுற்றுப்புறத்தை எச்சரிக்கையோடு நோட்டம் விடும் ஒரு பகுதியின் வேலை குறைந்திருந்தது. கவனத்தை ஆளும் பகுதிக்கும் உடலின் உள்நிலையை உணரும் பகுதிக்கும் இடையே தொடர்பு கூடியிருந்தது. மனம் சொல்வதை உடல் கேட்கும் பாதை அகலமாகிறது என்று அதைச் சொல்லலாம்.

இதைத் தேடிப் போகும் முன் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் உயிருக்கே ஆபத்து. இரவு வியர்வை எல்லாமே மெனோபாஸ் அல்ல. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் வியர்க்கும். காசநோயிலும் இரவில் உடை நனைய வியர்க்கும், கூடவே எடை குறையும், இருமல் இருக்கும். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அறிதுயில் எலும்புத் தேய்மானத்தைத் தடுக்காது, பிறப்புறுப்பு வறட்சியைப் போக்காது. மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு மனநல மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. சுவரொட்டியில் 'ஏழே நாளில் வசியம்' என்று எழுதியிருப்பவரிடம் போகவே வேண்டாம். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரோ, இதில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவரோ செய்ய வேண்டிய வேலை இது. பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அது நோயாளியின் உரிமை.

ஒன்று மட்டும் நம் ஊர் உளவியலாளர்களிடம் உரிமையோடு கேட்க வேண்டியிருக்கிறது. டெக்சஸ் பெண்ணுக்குப் பனிமலை என்றால் உடலே அந்தக் குளிரை நினைவில் வைத்திருக்கக்கூடும். விருதுநகரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குப் பனிமலை சினிமாப் பாட்டில் பார்த்தது மட்டும்தான். அவர் தோலுக்கு அது தெரியாது. அவர் தோலுக்குத் தெரிந்த குளிர் வேறு. சாரல் காலத்துக் குற்றாலத்தில் அருவிக்கு இன்னும் நூறடி இருக்கும்போதே முகத்தில் விழும் திவலை. மார்கழி விடியலில் கோலம் போடக் குனிகையில் விரல் நுனியில் ஏறும் சில்லிப்பு. மண்பானைத் தண்ணீர் தொண்டையில் இறங்கும் வழி. கிணற்றடியில் முதல் வாளியைத் தலையில் கவிழ்க்கும் நொடி. காட்சியை நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது வேக்கோவில் கற்றுக்கொண்ட பாடம் என்றால், அது இங்கே தமிழில், அவரவர் ஊர்ப் பேச்சில் நடக்க வேண்டும். ஆங்கிலப் பதிவை அப்படியே மொழிபெயர்த்துக் காதில் மாட்டினால் பனி விழும், சூடு தணியாது.

மருத்துவரிடம் போக முடிவு செய்யும் பெண் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். பழைய நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு வாரம் முழுக்க, சூடு ஏறும் ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து, பக்கத்தில் லேசா, நடுத்தரமா, கடுமையா என்று எழுத வேண்டும். தூக்கத்தில் எழுந்ததற்குத் தனியாக ஒரு புள்ளி. ஆய்வுகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கின. "உடம்பு ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொன்னால் அவர் வைட்டமின் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். வாரத்துக்கு 53, அதில் இரவில் 19 என்று எழுதிய தாளை மேசையில் வைத்தால், ஹார்மோன் தரலாமா, தர முடியாதென்றால் வேறு எந்த மருந்து, அறிதுயிலுக்கு யாரிடம் அனுப்பலாம் என்று அவர் பேச்சைத் தொடங்கியாக வேண்டும். ஐந்து வாரம் கழித்து அதே நோட்டில் இன்னொரு வாரம் எழுதினால், பலன் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தப் பெண்ணே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.